முரண்படாத பிழைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சேறிய பழந்தமிழ் நூல்களின் முகப்புத் தாளில் 'பரிசோதித்து' என்றொரு சொல் அடிக்கடி காணப்படும். நூலின் பெயரும் உரையாசிரியரின் பெயரும் வந்த பிறகு, இன்னார் பல பிரதிகளைக் கொண்டு பரிசோதித்துப் பதிப்பித்தது என்று அச்சிட்டிருப்பார்கள். இன்று அச்சொல்லை வைத்தியசாலையோடும் ஆய்வுகூடத்தோடும் சேர்த்தே நாம் நினைக்கிறோம். அன்று அதன் பொருள் வேறு. ஒரே நூலின் பல ஏடுகளை அருகருகே வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, எது ஆசிரியரின் பாடம், எது ஏடெழுதியவரின் பிழை என்று தீர்மானித்த பின்னரே அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன் என்று பதிப்பாசிரியர் வாசகருக்குக் கொடுத்த உறுதிமொழி அது.

ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், அதே வேலையைக் கணினி மென்பொருள் எழுதுவோர் நாள்தோறும் செய்து வருகிறார்கள். அவர்களிடம் ஏடுகளுக்குப் பதிலாகக் 'கிளைகள்' இருக்கின்றன. கிளைகளை ஒன்றாக்குவதை 'மேர்ஜ்' என்றும், ஒன்றாக்கியதைப் பதிவேட்டில் நிலையாக ஏற்றுவதைக் 'கொமிட்' என்றும் சொல்கிறார்கள். இவ்விரண்டு செயல்களுக்கும் நடுவே ஒரு சிறிய இடைவெளி உண்டு. இணைத்தாயிற்று, இன்னும் ஏற்றவில்லை. பரிசோதித்தல் நிகழ வேண்டிய இடம் அதுவே. அந்த இடைவெளியில் ஒருவர் நின்று படித்தாரா, படிக்காமற் கடந்தாரா என்பதைப் பொறுத்து என்னவெல்லாம் நிகழ்ந்தன என்பதை, நம்முடைய ஏட்டு வரலாற்றையும் கணினியின் குறுகிய வரலாற்றையும் சேர்த்து வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளையும் இணைப்பும்

கணினித் துறையோடு தொடர்பில்லாத வாசகர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். ஒரு மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதும்போது, ஒவ்வொருவரும் மூலப்பிரதியிலிருந்து ஒரு படியை எடுத்துக்கொண்டு தனித்தனியே மாற்றங்களைச் செய்வர். அப்படிப் பிரிந்து வளரும் பிரதியே கிளை. வேலை முடிந்ததும் கிளைகளை மீண்டும் ஒன்றாக்க வேண்டும். அவ்வேளையில் இயந்திரம் மூன்று பிரதிகளை ஒப்பிடுகிறது: பிரிவதற்கு முன்பிருந்த பொதுமூலம், முதலாவது கிளை, இரண்டாவது கிளை. ஓரிடத்தில் ஒரு கிளை மட்டும் மாறியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். இரு கிளைகளும் ஒரே இடத்தை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், 'இங்கே முரண் இருக்கிறது, நீயே தீர்த்து வை' என்று மனிதனிடம் விட்டுவிடும்.

பத்திரிகைக் காரியாலயத்து உதாரணம் ஒன்றைக் கொண்டு இதைப் பார்க்கலாம். வீதி விபத்தில் இருவர் காயமடைந்தனர் என்று ஒரு செய்தி வருகிறது. அதன் படியொன்றை எடுத்த உதவி ஆசிரியர், புதிய தகவல் கிடைத்ததால் முதற் பந்தியில் இருவர் என்பதை மூவர் என மாற்றுகிறார். வேறொரு படியை வைத்திருக்கும் இன்னொருவர், காயமடைந்த இருவரும் சிகிச்சை பெற்று வருகின்றனர் என்று இறுதியில் ஒரு பந்தி சேர்க்கிறார். இரண்டு மாற்றங்களும் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் இயந்திரத்தின் பார்வையில் முரண் எதுவுமில்லை. இரண்டையும் அழகாக இணைத்துத் தந்துவிடும். மறுநாட் காலையில் வாசகர் தொடக்கத்தில் மூவரையும் முடிவில் இருவரையும் காண்பார்.

இயந்திரம் அறிந்தது வரிகளை, பொருளை அன்று. வரிகள் மோதினால் அது கூச்சலிடும். கருத்துகள் மோதினால் அதற்குத் தெரியாது. ஆகவே கூச்சல் கேட்ட இணைப்பைவிடக் கூச்சல் கேளாத இணைப்பே அதிக ஆபத்தானது. முன்னதை எவரும் படிக்காமல் விடமாட்டார். பின்னதை எவரும் படிக்கமாட்டார்.

தொல்காப்பியத்தின் பின்னான்கு இயல்கள்

இத்தகைய முரண்படாத பிழைக்குத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றிலே ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. அதிலே சம்பந்தப்பட்டவர் சாதாரணமானவரல்லர். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. வட்டுக்கோட்டையிலே கற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவராகி, அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழைய நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர். 1868ஆம் ஆண்டு தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வெளியிட்டபோது, அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். வீரசோழியம், இறையனார் அகப்பொருள், கலித்தொகை முதலானவை பிள்ளையவர்களாலேயே அச்சுருப் பெற்றன. தொட்டால் உதிரும் ஏடுகளிலிருந்து அவர் அவற்றைக் காப்பாற்றியிராவிட்டால் அவற்றுட் சில நமக்குக் கிடைத்திருக்குமா என்பதே ஐயம்.

1885ஆம் ஆண்டு அவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை வெளியிட்டார். பொருளதிகாரம் ஒன்பது இயல்களைக் கொண்டது. ஒன்பதுக்கும் உரையெழுதியவர் நச்சினார்க்கினியர் என்றே அப்பதிப்பு வெளிவந்தது. உண்மை அதுவன்று. முதல் ஐந்து இயல்களின் உரை நச்சினார்க்கினியருடையது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின்னான்கு இயல்களுக்கு அங்கே அச்சாகியிருந்த உரையோ நச்சினார்க்கினியருக்கு முற்பட்டவரான பேராசிரியருடையது. இரண்டு வேறு உரைகள் ஒரே உரையாக ஒட்டப்பட்டிருந்தன.

இது எப்படிக் கண்ணில் படாமற் போயிற்று என்பதைச் சற்று ஆராய வேண்டும். ஐந்தாம் இயல் முடிந்த இடத்தில் ஆறாம் இயல் தொடங்குகிறது. நூற்பாக்கள் வரிசை தவறவில்லை. ஒவ்வொரு நூற்பாவுக்கும் உரை இருக்கிறது. ஓரிடத்தில் இரண்டு உரைகள் வந்து 'எதை ஏற்பது' என்று பதிப்பாசிரியரைத் தடுத்து நிறுத்தவில்லை. இன்றைய மென்பொருளாளர் மொழியிற் சொல்வதானால், அது முரணே இல்லாத இணைப்பு. முரண் இருந்திருந்தால் தாமோதரம்பிள்ளை போன்ற ஒருவர் அதை நிச்சயமாகக் கண்டிருப்பார். பாடபேதம் வந்த இடங்களிலெல்லாம் நின்று தீர்மானித்தவர் அவர். தையல் தெரியாதபடி சேர்ந்திருந்ததே அவரை ஏமாற்றியது.

பின்னான்கு இயல்களின் உரை பேராசிரியருடையதே என்பதை எடுத்து நிறுவியவர் இரா. இராகவையங்கார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் 1902ஆம் ஆண்டின் இறுதியிலே தொடங்கப்பட்டபோது அதன் ஆசிரியராக இருந்தவர் அவர். அவ்விதழிலேதான் இதனை எழுதினார். அவர் கையாண்ட வழி எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் வழியன்று. உரையின் உள்ளே கிடக்கும் சான்றுகளைக் கொண்டு, இதைச் சொல்பவர் அங்கே அதைச் சொன்னவராக இருத்தல் இயலுமா என்று வினவும் வழி. பின்னாளில் நச்சினார்க்கினியர் செய்யுளியலுக்கு எழுதிய வேறான உரையும் கிடைத்து அச்சேறியது. அதன் பின்னர் ஐயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

இதனால் தாமோதரம்பிள்ளையின் புகழ் குறைந்துவிடாது. அவர் அச்சேற்றிய ஒவ்வொரு சொல்லும் பேராசிரியருடைய சொல்லாகவே நின்றது. தவறியது பெயர் மாத்திரமே. ஆனாலும் ஒரு பேருரையாசிரியர், தம் உரை அச்சேறிக் கற்றோர் கைகளிலெல்லாம் தவழ்ந்த காலத்தில், தம் பெயரின்றி இன்னொருவர் பெயரில் வாழ வேண்டியதாயிற்று. ஒரு பிழை அச்சேறிவிட்டால் அதைப் பின்பற்றி எழுதுவோர் அனைவரிடமும் அது பரவும் என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

ஐயர் கையாண்ட முறை

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணிப் பதிப்பை வெளியிட்டது 1887ஆம் ஆண்டு. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததிலிருந்து அவ்வேலை தொடங்கிற்று என்பது பலரும் அறிந்த கதை. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பதே நமக்கு இங்கு வேண்டியது.

ஏட்டெழுத்தில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இராது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஒரே ஏட்டை இருவர் இரு விதமாக வாசிக்கலாம். ஐயர் பல ஊர்களிலிருந்தும் பிரதிகளை வருவித்து ஒப்பிட்டார். அதனோடு அவர் நிற்கவில்லை. சிந்தாமணி சைன காப்பியம். அதன் சமயக் கருத்துகளும் வழக்குகளும் அதைப் பாராயணம் செய்து வாழ்பவர்களுக்கே விளங்கும். எனவே கும்பகோணத்துச் சைனர்களிடம் சென்று கேட்டார். சொல் பொருந்துகிறதா என்பதை ஏட்டிலும், பொருள் பொருந்துகிறதா என்பதை மனிதர்களிடமும் சோதித்தார். அவரது பதிப்புகளிலே பிரதிபேதங்கள் அடிக்குறிப்பாக இடம்பெற்றன. ஏடு தந்தவர்களின் பெயர்கள் முகவுரையில் நன்றியோடு குறிக்கப்பட்டன. தாம் தள்ளிய பாடத்தையும் வாசகர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டு வைத்தமையே அம்முறையின் நேர்மை.

அதே சிந்தாமணி இன்னொரு பாடத்தையும் நமக்குத் தருகிறது. திருத்தக்கதேவர் பாடியவை 2700 செய்யுட்கள் என்பது பழைய மரபு. இன்று நூலில் இருப்பவையோ 3145. மிகுதியைக் கந்தியார் என்பவர் பாடிச் சேர்த்தார் என்று சொல்வர். எந்தச் செய்யுள் எவருடையது என்று எவராலும் இன்று முடிந்த முடிபாகப் பிரித்துக் காட்ட இயலாது. சேர்த்தவர் தம் பெயரையும் சேர்த்த இடத்தையும் குறித்து வைக்கவில்லை. இடைச்செருகல் என்று நாம் சொல்வதன் குறை, சேர்த்ததில் மட்டும் இல்லை. குறிப்பில்லாமற் சேர்த்ததிலேயே இருக்கிறது.

ஹதீஸ் கலையில் மறைகுறை

நமது மத்ரஸாக்களில் ஹதீஸ் கற்கும் மாணவர்களுக்கு இவை எதுவும் புதிய செய்தியாக இராது. நபி (ஸல்) அவர்களின் சொல்லைக் கூறும் ஒவ்வோர் அறிவிப்புக்கும் இரண்டு பகுதிகள் உண்டு. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடர் இஸ்னாத். அறிவிக்கப்படும் வாசகம் மத்ன். ஹிஜ்ரி முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஒரே செய்தி மதீனாவில் ஒரு தொடரிலும் கூபாவில் இன்னொரு தொடரிலும் பஸராவில் வேறொரு தொடரிலும் கிளைத்து வளர்ந்தது. அவற்றைத் திரட்டி ஒப்பிடுவதே முஹத்திஸ்களின் வேலையாக இருந்தது.

அவர்கள் வகுத்த கலைகளுள் மிக நுட்பமானது 'இலல்' எனப்படுவது. வெளிப்பார்வைக்கு அறிவிப்பாளர் தொடர் அறுபடாமல் இருக்கும்; ஒவ்வொருவரும் நம்பகமானவராக இருப்பார்; ஆயினும் உள்ளே ஒரு குறை மறைந்திருக்கும். அக்குறைக்கு 'இல்லத்' என்று பெயர். அந்த ஓர் அறிவிப்பை மட்டும் எத்தனை முறை படித்தாலும் அது தென்படாது. எல்லா வழிகளிலும் வந்த அறிவிப்புகளைத் திரட்டி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால்தான் வெளிப்படும். இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களுள் ஒருவரும் கி.பி. 849இல் காலமானவருமான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) இக்கலையில் தலைசிறந்தவராகப் போற்றப்படுகிறார்.

இன்னொரு குறைக்கு 'முத்ரஜ்' என்று பெயர். அறிவிப்பாளர் விளக்கமாகச் சொன்ன தமது சொந்தச் சொல், கேட்டவரின் கவனக்குறைவால் மூல வாசகத்தோடு கலந்துவிடுவது. கி.பி. 1071இல் காலமான கதீப் அல்பக்தாதீ (ரஹ்) இதற்கென்றே தனி நூல் எழுதினார். பேராசிரியர் உரை நச்சினார்க்கினியர் உரையோடு கலந்ததையும், கந்தியார் செய்யுட்கள் தேவர் செய்யுட்களோடு கலந்ததையும் அம்முஹத்திஸ்களிடம் கொடுத்திருந்தால், இன்ன வகைக் குறை என்று உடனே பெயர் சொல்லியிருப்பர்.

இயந்திரம் வந்த வழி

கணினியில் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் முறை 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைன்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. எஸ்.சீ.சீ.எஸ். என்பது அதன் பெயர். 1980களின் தொடக்கத்தில் வால்டர் டிஷி உருவாக்கிய ஆர்.சீ.எஸ். அதனை எளிமையாக்கியது. அவ்விரண்டிலும் ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால் அதற்குப் பூட்டுப் போடப்படும். அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஊரில் ஒரே ஏடு இருந்து, அதை ஒருவர் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்ட நிலை அது.

1986ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற விரிவுரையாளரும் அவருடைய மாணவர் இருவரும் ஒரு மென்பொருளைச் சேர்ந்து எழுதினார்கள். மூவரும் வேலை செய்யும் நேரங்கள் வேறு வேறு. பூட்டுக்காகக் காத்திருக்க இயலாது. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் பிரதியில் எழுதிப் பிறகு இணைக்கும் முறையொன்றை குரூன் அமைத்தார். அதுவே சீ.வி.எஸ். ஆக வளர்ந்தது. 2000ஆம் ஆண்டு அதற்கு மாற்றாகச் சப்வேர்ஷன் தொடங்கப்பட்டது. இவ்விரண்டிலும் ஒரு நற்பண்பு இருந்தது. கிளைகளை இணைத்தால், இணைந்த பிரதி எழுதுபவரின் வேலைக் கோப்புறைக்குள் வந்து நிற்கும். அவர் தாமாகக் கட்டளையிட்டாலன்றிப் பதிவேட்டில் ஏறாது. பரிசோதிப்பதற்கான இடைவெளி இயல்பாகவே அமைந்திருந்தது.

2005 ஏப்ரலில் நிலைமை மாறிற்று. லினக்ஸ் கேர்னலை எழுதுவோர் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்னும் மென்பொருளின் இலவச அனுமதி விலக்கிக்கொள்ளப்பட்டது. லினஸ் டொர்வால்ட்ஸ் ஏப்ரல் 3ஆம் திகதி கிட் என்ற புதிய மென்பொருளை எழுதத் தொடங்கினார். அம்மாதம் 18ஆம் திகதியே அதிற் பல கிளைகளை இணைத்துக் காட்டினார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அனுப்பும் மாற்றங்களை இணைக்க வேண்டிய ஒருவருக்கு வேகமே முதற்றேவை. ஆகவே முரண் இல்லாவிட்டால், இணைத்த கையோடு கிட் தானே கொமிட் செய்துவிடும். நின்று பார்க்க விரும்புபவர் 'நோ-கொமிட்' என்னும் குறிப்பைத் தனியே சேர்த்துக் கட்டளையிட வேண்டும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கிளை பிரிந்த பிறகு தாய்க்கிளை சற்றும் நகராமல் இருந்தால், கிட் எதையும் இணைப்பதில்லை. தாய்க்கிளையின் முனையைப் புதிய இடத்துக்கு நகர்த்திவிட்டுப் போய்விடும். அவ்வேளையில் நோ-கொமிட் மாத்திரம் அதைத் தடுக்காது. 'நோ-எஃப்எஃப்' என்னும் குறிப்பையும் சேர்க்க வேண்டும்.

இந்த இடைவெளி அருகிப் போனதன் விளைவை கிட் வளர்த்தவர்களே உணர்ந்தனர் போலும். 2012ஆம் ஆண்டு வெளிவந்த 1.7.10ஆம் பதிப்பிலிருந்து, முரணற்ற இணைப்பாயினும், கொமிட் செய்யும் முன் ஒரு தாளைத் திறந்து, ஏன் இணைக்கிறாய் என்று எழுதச் சொல்லும் வழக்கம் புகுத்தப்பட்டது. கேள்வி கேட்டால் மனிதன் ஒரு கணமாவது நிற்பான் என்னும் எண்ணமே அது.

குறிப்பில்லாச் சேர்க்கை கணினியிலும் உண்டு. இணைக்கும்போது, இரு கிளைகளிலும் இல்லாத மூன்றாவது மாற்றமொன்றை இணைப்பவரே நுழைத்துவிட்டால், அதைத் தீய இணைப்பு என்னும் பொருள்படும் பெயரால் அத்துறையினர் அழைக்கின்றனர். வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பவர் இரு கிளைகளையும் தேடுவார். இரண்டிலும் அது இராது. 2003 நவம்பரில் நிகழ்ந்த ஒன்று இதைவிடக் கொடியது. லினக்ஸின் மூலப் பதிவேடு அப்போது பிட்கீப்பரில் இருந்தது. அதன் படியொன்று பொதுப் பயன்பாட்டுக்காகச் சீ.வி.எஸ்.ஸில் வைக்கப்பட்டிருந்தது. அந்தப் படிக்குள் எவரோ இரண்டு வரிகளைச் செருகிவிட்டார். இரண்டு சமக்குறிகள் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று மட்டும் இருந்தது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எழுத்துப்பிழையாகத் தோன்றும் அது, பயனாளர் ஒருவருக்கு முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடும் கள்ளக்கதவு. படியை மூலத்தோடு ஒப்பிடும் வழக்கம் இருந்தமையாலும், அவ்வரிகளுக்கு மூலத்தில் எந்தப் பதிவும் இல்லாமையாலும் அது விரைவிலேயே பிடிபட்டது. அறிவிப்பாளர் தொடர் இல்லாத செய்தியை ஏற்காமல் விட்டதற்கு ஒப்பானது இது.

எங்கள் கரையின் பட்டியல்கள்

இவையெல்லாம் கணினி அறிஞருக்கும் ஏட்டு அறிஞருக்கும் உரிய விடயங்கள், நமக்கென்ன என்று எண்ணுவோர் 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைத்துப் பார்க்கட்டும். ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. மருதமுனை தொடக்கம் சாய்ந்தமருது, காரைதீவு எனக் கரையோரம் முழுவதும் பேரழிவு. மாவட்டத்தில் மட்டும் இறந்தோர் தொகை 10,000ஐத் தாண்டியது. அத்தகைய வேளையில் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் பிரதேச செயலகத்திலும் தனித்தனியே பட்டியல்கள் எழும். ஒவ்வொன்றும் ஒரு கிளை. அவற்றை என்றோ ஒருநாள் ஒன்றாக்கியே தீரவேண்டும்.

முஹம்மது, முகம்மது, முகமது, மொஹமட் என்று ஒரே பெயரை எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது நமக்குத் தெரியும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதித் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தால் இன்னும் சில வடிவங்கள் கூடும். எழுத்தை மட்டும் ஒப்பிடும் இயந்திரம் ஒருவரை நால்வராக எண்ணும். மறுபுறம், ஒரே வீதியில் ஒரே பெயருடைய இரண்டு சிறுவர்கள் இருந்தால் இருவரையும் ஒருவராக்கிவிடும். முதலாவது பிழையால் நிவாரணக் கணக்குப் பிசகும். இரண்டாவது பிழையால் காணாமற்போன ஒரு பிள்ளையின் பெயர் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். அவ்விணைப்பில் எங்கும் முரண் என்று எந்தக் கூச்சலும் எழாது. அந்தத் தாயைத் தவிர அதை அறிந்து கேட்பாரும் இரார்.

அப்பேரழிவை அடுத்து இலங்கையின் மென்பொருளாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு 'சஹானா' என்னும் திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, தொண்டு நிறுவனங்களின் பதிவேடு, உதவிக் கோரிக்கைகளின் நிரல் எனப் பல பகுதிகள் அதில் அமைந்தன. பின்னர் 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவு, இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா பூமியதிர்ச்சி ஆகியவற்றின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயன்பாட்டுக்காகச் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருதையும் 2006ஆம் ஆண்டுக்காகப் பெற்றது. நம் மண்ணில் பிறந்த அம்மென்பொருளின் பதிவேடுகளுள்ளும் இறுதியில் ஒரு மனிதன் இருந்து, இவரும் அவரும் ஒருவர்தாமா என்று விசாரித்துத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எந்த மென்பொருளும் அந்த விசாரணையைத் தானே செய்துவிடாது.

ஏற்றும் முன்

இந்த வரலாறுகளிலிருந்து இணைப்பவர் பெறக்கூடிய நடைமுறை மிகவும் எளியது. முரண் இல்லை என்ற அறிவிப்பை, சரி என்ற தீர்ப்பாகக் கொள்ளலாகாது. இணைந்த பிரதியை இரு கிளைகளோடும் தனித்தனியே ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டால் பாதிப் பிழை மறைந்துவிடும். கிளைகள் ஒவ்வொன்றும் தனியே சோதனையில் தேறியிருந்தாலும், இணைந்த பிரதியை மீண்டும் முழுதாகச் சோதிக்க வேண்டும். ஒரு கிளையில் ஒரு பெயர் மாறியிருந்தால், அப்பெயரின் பழைய வடிவத்தை மற்றக் கிளை புதிதாக எங்கேனும் பயன்படுத்தியிருக்கிறதா என்று தேட வேண்டும். விளங்காத இடத்தில், கும்பகோணத்துச் சைனர்களிடம் ஐயர் கேட்டதுபோல, அக்கிளையை எழுதியவரிடமே கேட்க வேண்டும். இணைப்பவர் தாமாக ஒன்றைச் சேர்க்க நேர்ந்தால் அதைக் குறிப்பிலே வெளிப்படையாக எழுத வேண்டும். ஐயம் தீராவிட்டால் இணைப்பைக் கைவிட்டுப் பழைய நிலைக்கே திரும்பலாம். கொமிட் செய்யாதவரை அதில் நட்டம் எதுவுமில்லை.

ஏற்றிய பிறகு திருத்தினால் என்ன என்று கேட்கலாம். தன் கணினிக்குள் இருக்கும்வரை திருத்துவது இலகு. பிறருக்கு அனுப்பிய பின்னர் அவ்வாறன்று. கிட்டில் ஓர் இணைப்பை மீளப்பெற்றுவிட்டு, அதே கிளையைத் திருத்தி மறுபடியும் இணைத்தால், முன்னைய மாற்றங்கள் ஏற்கெனவே இணைந்துவிட்டன என்றே அது கருதும். புதிய திருத்தங்கள் மட்டும் வரும். பழைய மாற்றங்கள் வாரா. அப்போதும் முரண் என்று ஒரு சொல் எழாது. முதலில் அந்த மீளப்பெறுதலையே மீளப்பெற வேண்டும். இதனை அறியாமல் நாட்கணக்கில் அல்லற்பட்டோர் பலர்.

இன்று நமது பிரதேசத்துப் பழைய நூல்களும் கணினிக்குள் சென்று கொண்டிருக்கின்றன. இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் திட்டம் தொடங்கியதும் சஹானாவும் கிட்டும் தோன்றிய அதே 2005ஆம் ஆண்டிலேதான். கிழக்கிலங்கைக் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் கண்ணகி வழக்குரையை ஏடுகளிலிருந்து திரட்டி வி. சீ. கந்தையா 1968ஆம் ஆண்டு அச்சுக்குக் கொண்டுவந்தார். நமது முஸ்லிம் புலவர்களின் பாடல்களும் பள்ளிவாசல்களின் பழைய பதிவேடுகளும் அத்தகையதொரு கரத்துக்காக இன்னும் காத்திருக்கின்றன. அவற்றைத் தட்டச்சு செய்ய முன்வரும் இளைஞர்கள், கிடைக்கும் ஒவ்வொரு பிரதியையும் முதலில் தனித்தனியே உள்ளபடி ஏற்றி, எவரிடமிருந்து பெற்றது என்று குறித்து வைப்பார்களாக. ஒன்றாக்குவதை அதன் பின்னர் நிதானமாகச் செய்யலாம்.

பேராசிரியருக்கு அவருடைய பெயர் திரும்பக் கிடைத்தது. தாமோதரம்பிள்ளை தமக்குக் கிடைத்த உரையைச் சிதைக்காமல் அச்சேற்றி வைத்ததும், இராகவையங்கார் அதை முடிந்த காரியமென்று விடாமல் மீண்டும் படித்ததும் அதற்குக் காரணங்கள். கந்தியாருக்கும் தேவருக்கும் இடையிலான கணக்கு இன்றுவரை தீரவில்லை. அங்கே எந்தப் பிரதியும் எந்தக் குறிப்பும் எஞ்சவில்லை.